நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு கட்டி

2014-ஆம் ஆண்டு நவராத்திரி. நாக்பூரில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் கொலு வைத்திருந்தோம். வழக்கம்போல் என் மனைவி பாட உட்கார்ந்தாள். முதல் பாட்டு நன்றாக வந்தது. இரண்டாவதில் குரல் கொஞ்சம் கம்மியது. மூன்றாவது பாட்டில் மூக்கால் பாடுவதுபோல் ஆகிவிட்டது. சுண்டலுக்கு வந்திருந்த பெண்மணிகள் ஜலதோஷம் என்றார்கள். மிளகுக் கஷாயம் ஆயிற்று. மறுநாள் காலை குரல் பழையபடி இருந்தது. மாலையில் மீண்டும் அதே கதை.

பின்னால் யோசித்துப் பார்த்தபோது, அதற்கு முன்பே சில மாதங்களாக அடையாளங்கள் இருந்தது தெரிந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் இடது கண் இமை பாதி மூடிக்கொள்ளும். கண்ணாடியை மாற்றினோம். சப்பாத்தியைப் பாதி தின்பதற்குள் தாடை ஓய்ந்துவிடும். பல் டாக்டரிடம் போனோம். மாடிப்படி ஏறும்போது நடுவில் நிற்பாள். அக்கம்பக்கத்து டாக்டர் ஒருவரிடம் அவள் தனக்குத் தெரிந்த இந்தியில் "கம்ஸோரி" என்று சொன்னாள். அவர் இரத்தம் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார். அவர்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. "காலையில் நன்றாக இருக்கிறேன், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்தத் தசை மட்டும் ஓய்ந்துபோகிறது, சற்று ஓய்வெடுத்தால் திரும்பி வருகிறது" என்று சொல்ல வேண்டியதை நாங்கள் "பலவீனம்" என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். தாய்மொழி அல்லாத மொழியில் நோயைச் சொல்லும் நம் போன்றவர்களுக்கு நேரும் முதல் விபத்து இது.

அந்தக் கார்த்திகை மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. லீவோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாம் நாள் இரவு, "என்னங்க, தண்ணி உள்ளே போகலை" என்றாள். தண்ணீர் மூக்கு வழியே திரும்பி வந்தது. மூச்சும் மேலோட்டமாக வாங்கியது. ஆம்புலன்ஸில் போனோம். அவசரப் பிரிவில் இருந்த நரம்பியல் டாக்டர் அவளை மேலே பார்த்தபடியே கண்ணை வைத்திருக்கச் சொன்னார். ஒரு நிமிஷத்தில் இமைகள் தாமாகக் கீழே இறங்கின. ஒரு கையுறையில் ஐஸ் கட்டிகளைப் போட்டு மூடிய இமைமேல் இரண்டு நிமிஷம் வைத்து எடுத்தார். கண் நன்றாகத் திறந்தது. "இது மயஸ்தீனியா. மார்பை ஸ்கேன் எடுக்க வேண்டும்" என்றார்.

கண் இமைக்கும் மார்புக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. இக்கட்டுரையை எழுதும் நான் டாக்டர் அல்லன். சிக்னல் இலாகாவில் காலம் கழித்த டிப்ளமாக்காரன். ஆனால் அந்தச் சம்பந்தத்தைப் புரிந்துகொள்ளப் பல மாதங்கள் செலவிட்டேன். அது வேறொரு குடும்பத்துக்குப் பயன்படலாம் என்றுதான் எழுதுகிறேன்.

பயிற்சிப் பள்ளியில் கோளாறு

நம் நெஞ்செலும்புக்கு நேர் பின்னால், இதயத்துக்கும் பெரிய இரத்தக் குழாய்களுக்கும் முன்னால், தைமஸ் என்ற சிறு சுரப்பி இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் அது பெரிதாக இருந்து, வாலிபம் வந்தபின் சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடும். இதற்கு என்ன வேலை என்பது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. 1961-இல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற விஞ்ஞானி, பிறந்தவுடன் எலிக்குட்டிகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அவற்றால் நோய்க்கிருமிகளை எதிர்த்து நிற்க முடியவில்லை. அதன்பிறகே இந்தச் சுரப்பியின் மதிப்பு தெரிந்தது.

எலும்பு மஜ்ஜையில் உண்டாகும் ஒருவகை வெள்ளணுக்கள் தைமஸுக்கு வந்து பயிற்சி பெறுகின்றன. நம் பூசாவல் ரயில்வே பயிற்சிப் பள்ளியைப்போல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்நியக் கிருமியை அடையாளம் காணத் தெரியாதவை அங்கே கழிக்கப்படுகின்றன. சொந்த உடலையே தாக்கக்கூடியவையும் கழிக்கப்படுகின்றன. தேறியவை மட்டும் வேலைக்கு அனுப்பப்படுகின்றன. இவற்றுக்கு டி அணுக்கள் என்று பெயர். அந்த 'டி' தைமஸைக் குறிப்பதே.

இந்தப் பள்ளியிலேயே கட்டி வளர்ந்தால் தேர்வு முறை கெட்டுவிடுகிறது. கழிக்கப்பட வேண்டியவை வெளியே வருகின்றன. அதன் விளைவாக நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் உண்டாகின்றன. எங்கள் இலாகா மொழியில் சொன்னால், கேபினிலிருந்து சிக்னல் சரியாகத்தான் போகிறது. ஆனால் மறுமுனையில் வாங்க வேண்டிய ரிலேக்களில் பாதி வேலை செய்யவில்லை. முதல் சில தடவை தசை அசையும், பிறகு ஓய்ந்துவிடும். இதுதான் மயஸ்தீனியா கிரேவிஸ்.

எத்தனை அபூர்வம், என்னென்ன வகை

தைமஸில் தோன்றும் கட்டிகள் மிக அபூர்வம். மேல்நாட்டுக் கணக்குகளின்படி பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் முதல் மூன்று பேர் வரைதான். பெரும்பாலும் 40 வயதுக்கும் 70 வயதுக்கும் இடையில் வருகிறது. புகையிலை, மது என்று காரணம் காட்ட எதுவும் இல்லை. ஆகவே "என்ன பாவம் செய்தோம்" என்று யாரும் தேட வேண்டியதில்லை.

இவற்றில் பெரும்பான்மை தைமோமா. அதை நுண்ணோக்கியில் பார்த்து ஏ, ஏபி, பி1, பி2, பி3 என்று ஐந்து முக்கிய வகைகளாகப் பிரிக்கிறார்கள். பொதுவாக ஏ சாதுவானது, பி3 முரடு. தைமிக் கார்சினோமா என்பது வேறு. அது வேகமாகப் பரவும் உண்மையான புற்றுநோய். மூன்றாவதாக நாளமில்லாச் சுரப்பி அணுக்களை ஒத்த ஒரு வகை. அது இன்னும் அபூர்வம்.

தைமோமா உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கோ அதற்கு மேலோ மயஸ்தீனியா இருக்கும். மயஸ்தீனியா உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்குத் தைமோமா இருக்கும். அதனால்தான் இமை சரிந்தால் மார்பை ஸ்கேன் செய்கிறார்கள். மார்பில் கட்டி என்றால் இமையையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது பகுதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வேறு சிலருக்கு எந்தத் தொந்தரவும் இராது. வேறு காரியத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயில் நிழல் தெரியும். சிலருக்கு இருமல், மார்பில் பாரம், முகமும் கழுத்தும் வீங்குதல். இன்னும் சிலருக்குச் சிவப்பணு உற்பத்தியே நின்று இரத்தம் குறையும். எதிர்ப்புச் சக்தி குறைந்து அடிக்கடி நிமோனியா வருவதும் உண்டு. அதை 1954-இல் ராபர்ட் குட் என்ற அமெரிக்க டாக்டர் விவரித்தார்.

எல்லா நிழலும் ஒன்றல்ல

மார்பின் நடுவில் நிழல் என்றதும் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது டி.பி. அது நியாயமே, இங்கே டி.பி. அதிகம். நிணநீர்க் கட்டியான லிம்ஃபோமா, கீழே இறங்கிய தைராய்டு, இனப்பெருக்க அணுக்களில் தோன்றும் கட்டி ஆகியவையும் அதே இடத்தில் வரலாம். எங்களுக்கும் ஒரு மருத்துவமனையில், "டி.பி. மருந்தைத் தொடங்கிப் பார்ப்போம், ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன்" என்றார்கள். நரம்பியல் டாக்டர்தான் தடுத்தார். டி.பி.க்குத் தரும் சில மருந்துகளே மயஸ்தீனியாவை மோசமாக்கும் என்றார். உறுதியான சான்று இல்லாமல் மருந்தைத் தொடங்குவது இங்கே இரட்டை ஆபத்து.

நரம்பு வழியே மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் முக்கியமான சோதனை. கட்டியின் அளவு, எதைத் தொடுகிறது, நுரையீரல் உறையில் சிதறல் உண்டா என்பதை அது காட்டும். அசிட்டைல்கோலின் ரிசெப்டர் எதிர்ப்பொருளுக்கான இரத்தச் சோதனையை, மயஸ்தீனியா அறிகுறி இல்லாவிட்டாலும் ஆபரேஷனுக்கு முன் செய்துவிடுவது நல்லது. ஆண்களுக்கு, குறிப்பாக இளைஞர்களுக்கு, ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. என்ற இரண்டு இரத்தச் சோதனைகளும் அவசியம். இனப்பெருக்க அணுக் கட்டியாக இருந்தால் அதன் வைத்தியமே வேறு.

ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்ப்பது எப்போதும் தேவையில்லை. ஸ்கேனில் தைமோமாபோலவே தெரிந்து, முழுதாக அகற்றக்கூடியதாகவும் இருந்தால், நேராக ஆபரேஷனுக்குப் போவதே முறை. நுரையீரல் உறை வழியே ஊசி போனால் கட்டியின் அணுக்கள் அங்கே விதைபோல் விழக்கூடும் என்ற அச்சம் உண்டு. லிம்ஃபோமாவோ என்ற சந்தேகம் இருந்தாலும், கட்டி பெரிதாகி முதலில் மருந்தால் சுருக்க வேண்டியிருந்தாலும், அப்போது ஊசிச் சோதனை கட்டாயம்.

ஆபரேஷன்: முதல் வாய்ப்பே நல்ல வாய்ப்பு

தைமஸ் கட்டிகளுக்கு ஆணிவேரான வைத்தியம் ஆபரேஷன். 1936-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஆல்ஃபிரெட் ப்ளேலக் என்ற சர்ஜன், மயஸ்தீனியாவால் வாடிய ஓர் இளம் பெண்ணின் தைமஸ் பகுதிக் கட்டியை அகற்றினார். அவள் தேறினாள், 1939-இல் அதைப் பதிப்பித்தார். அங்கிருந்துதான் இந்த வைத்தியம் வளர்ந்தது. கட்டியே இல்லாத மயஸ்தீனியா நோயாளிகள் பலருக்கும் தைமஸை அகற்றினால் நன்மை உண்டு என்பது 2016-இல் வெளியான, பல நாடுகளில் 126 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சியில் உறுதியாயிற்று.

இங்கே ஒரு விதி. கட்டியை மட்டும் கிள்ளி எடுப்பது போதாது. தைமஸ் முழுவதையும் சுற்றியுள்ள கொழுப்புடன் சேர்த்து, உறை கிழியாமல் எடுக்க வேண்டும். ஓரங்களில் கட்டி மிச்சமில்லாமல் எடுத்தால் பிழைப்பு நன்றாக இருக்கிறது. இரண்டாம் முறை திறக்கும்போது தழும்புகள் ஒட்டிக்கொண்டு வேலை கடினமாகும். ஆகவே முதல் ஆபரேஷனை அனுபவமுள்ள கைகளிடம் ஒப்படைப்பதே இந்நோயில் நாம் எடுக்கும் மிகப் பெரிய முடிவு.

நெஞ்செலும்பை நடுவில் பிளந்து செய்வது பழைய முறை. சிறு துளைகள் வழியே காமிராவாலோ ரோபோவாலோ செய்வது புது முறை. சிறிய, ஒட்டாத கட்டிகளுக்கு ஏற்றது, சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் பெரிய இரத்தக் குழாயையோ இதய உறையையோ பிடித்த கட்டிக்குத் திறந்து செய்வதே பாதுகாப்பு. தழும்பு சிறிதா பெரிதா என்பதைவிட, கட்டி முழுதாக வந்ததா என்பதே கேள்வி.

என் மனைவியின் கட்டி 5 செண்டிமீட்டர். ஒரு சர்ஜன், "அடுத்த வாரமே துளை போட்டு எடுத்துவிடலாம்" என்றார். நரம்பியல் டாக்டரைக் கலந்தீர்களா என்று கேட்டேன். "அது பிறகு" என்றார். அங்கிருந்து எழுந்து வந்தோம். இன்னோர் இடத்தில் சர்ஜன், நரம்பியல் டாக்டர், மயக்க டாக்டர், கதிர்வீச்சு டாக்டர் நால்வரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஸ்கேனைப் பார்த்தார்கள். "முதலில் தசைகளைச் சரிக்கட்டுவோம். இல்லாவிட்டால் ஆபரேஷன் முடிந்தபின் சுவாச மெஷினிலிருந்து எடுக்க முடியாமல் போகும்" என்றார்கள். பைரிடோஸ்டிக்மின் மாத்திரை, பிறகு நரம்பு வழியே இம்யூனோகுளோபுலின். சிலருக்கு அதற்குப் பதில் பிளாஸ்மாவை மாற்றுகிறார்கள். ஐந்து வாரம் ஆயிற்று. அவசரத்தில் அந்த ஐந்து வாரம் எங்களுக்கு ஐந்து யுகம். ஆனால் தைமோமா பெரும்பாலும் மெதுவாக வளர்வது. அந்தக் காத்திருப்பில் நஷ்டமில்லை.

இதற்கு நடுவில் ஊரிலிருந்து ஃபோன். "நெஞ்சைப் பிளக்கவா? வேண்டவே வேண்டாம். இங்கே ஒரு வைத்தியர் இருக்கிறார்" என்று மைத்துனர் அழுதார். என் மனைவி ஃபோனை வாங்கி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "அண்ணா, தண்ணி கூட விழுங்க முடியாம இருக்கறதைவிட இது பெரிசில்லை." அதோடு பேச்சு முடிந்தது. 2015 ஜனவரியில் நெஞ்செலும்பைத் திறந்தே ஆபரேஷன் நடந்தது. இரண்டாம் நாளே மெஷினை எடுத்தார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு என்ன

எடுத்த கட்டியைச் சோதித்தபின்தான் நிலை தெரியும். ஜப்பானிய சர்ஜன் மசவோகா 1981-இல் வகுத்த நான்கு நிலைகள் இன்றும் பேச்சில் உண்டு. உறைக்குள்ளேயே இருந்தால் முதல் நிலை. உறையைத் தாண்டிக் கொழுப்புக்குள் போனால் இரண்டு. இதய உறை, நுரையீரல், இரத்தக் குழாய் போன்ற அண்டை உறுப்பைப் பிடித்தால் மூன்று. மார்புக்குள் சிதறினாலோ வேறிடம் பரவினாலோ நான்கு. இப்போது மற்றப் புற்றுநோய்களுக்கு உள்ள டி.என்.எம். முறையையும் சேர்த்து எழுதுகிறார்கள்.

முதல் நிலையில் முழுதாக எடுத்துவிட்டால் வேறு வைத்தியம் தேவையில்லை, கண்காணிப்பு போதும். இரண்டாம் நிலையில் வகையையும் ஓரங்களையும் பார்த்து முடிவு செய்கிறார்கள். மூன்றாம் நிலையிலும், ஓரத்தில் மிச்சம் இருந்தாலும், கதிர்வீச்சு தரப்படுகிறது. வாரம் ஐந்து நாளாக ஐந்து ஆறு வாரம். இதயத்தையும் நுரையீரலையும் கூடியமட்டும் தவிர்த்துப் பாய்ச்ச நவீன மெஷின்கள் உதவுகின்றன. புரோட்டான் கதிர் என்பது அதன் அடுத்த படி. சென்னையில் 2019 முதல் இருக்கிறது. எல்லோருக்கும் அது தேவை என்பதில்லை. இதயத்தை ஒட்டிய இடத்திலும் இளம் வயதினருக்கும் அதன் பயன் அதிகம்.

என் மனைவிக்குப் பி2 வகை, இரண்டாம் நிலை. ஓரிடத்தில் கட்டி உறையைத் தாண்டியிருந்தது. 25 நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். விழுங்கும்போது தொண்டை எரிச்சல், மோர்சாதத்தில் ஓட்டினோம்.

எடுக்க முடியாதபோது

கட்டி பெரிதாகிப் பிடித்துக்கொண்டிருந்தால் முதலில் மருந்து. சிஸ்பிளாட்டின், டாக்ஸோரூபிசின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு மூன்றும் சேர்ந்தது தைமோமாவுக்கு நெடுங்காலமாகத் தரும் கூட்டு. தைமோமாக்களில் பல இதற்குச் சுருங்கிக் கொடுக்கின்றன. சுருங்கியபின் சர்ஜன் மறுபடி பார்ப்பார். கார்சினோமாவுக்குப் பெரும்பாலும் கார்போபிளாட்டின், பாக்லிடாக்ஸல். ஆகையால் முதல் நாளில் "எடுக்க முடியாது" என்று கேட்டாலும் அது கடைசித் தீர்ப்பு அல்ல. மருந்துக்குப் பிறகு அதே கேள்வியை மீண்டும் கேட்க வேண்டும்.

கார்சினோமா திரும்பி வந்தால் மாத்திரைகள் உள்ளன. கட்டிக்கு இரத்த ஓட்டத்தை அடைக்கும் சுனிடினிப், லென்வாடினிப் ஆகியவை அவற்றுள் சில. 2020-இல் வெளியான ஜப்பானிய ஆராய்ச்சியில் லென்வாடினிப் சாப்பிட்ட 42 பேரில் 16 பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. இரத்த அழுத்தம் ஏறுதல், உள்ளங்கை உரிதல் போன்ற தொல்லைகள் உண்டு. தைமோமா திரும்பினால் எவரோலிமஸ், ஆக்ட்ரியோடைடு போன்றவற்றையும் முயல்கிறார்கள். நுரையீரல் உறையில் ஓரிரண்டு சிறு கட்டிகளாகத் திரும்பினால் அவற்றையும் ஆபரேஷன் செய்வதுண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. புற்றுநோய்க்கு இப்போது எங்கும் பேசப்படும் இம்யூனோதெரபி, எதிர்ப்பு அணுக்களின் பிரேக்கை விடுவிக்கும் மருந்து. தைமோமாவில் ஏற்கெனவே பிரேக் சரியில்லை. அந்த ஊசியைப் போட்டால் இதயத் தசையும் மூச்சுத் தசையும் அழற்சியுற்று உயிருக்கே ஆபத்தாகலாம் என்று ஆராய்ச்சிகளில் தெரிந்தது. தைமோமாவுக்கு அதைச் சாதாரணமாகத் தருவதில்லை. கார்சினோமாவில் மட்டும், மயஸ்தீனியா போன்றவை இல்லை என்று உறுதி செய்து, மிகுந்த கண்காணிப்புடன் தருகிறார்கள். "பக்கத்து வீட்டுக்காரருக்கு நுரையீரல் கேன்சர் இதில் குணமாயிற்று" என்று நாமாகக் கேட்டு வாங்கும் மருந்து அல்ல இது.

தண்டவாளச் சோதனை

வண்டி ஆட்டமில்லாமல் போகிறது என்பதற்காக நாங்கள் தண்டவாளத்தைச் சோதிக்காமல் விடுவதில்லை. உள்ளே விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அல்ட்ராசோனிக் மெஷினை உருட்டிக்கொண்டு முறை வைத்துப் போக வேண்டும். தைமோமாவும் அப்படியே. பத்தாண்டு கழித்தும் திரும்பி வரக்கூடியது. முதல் இரண்டு ஆண்டு ஆறு மாதத்துக்கொரு தடவை, பிறகு ஆண்டுக்கொரு தடவை, மொத்தம் பத்து ஆண்டாவது சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். கார்சினோமாவுக்கு ஐந்து ஆண்டாவது. "நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று நான்காம் ஆண்டு நான் சோம்பியபோது அவளே டிக்கெட் எடுக்கச் சொன்னாள்.

கட்டி போனாலும் மயஸ்தீனியா உடனே போய்விடாது. சிலருக்கு ஆபரேஷனுக்குப் பிறகே முதன்முதலாக வருவதும் உண்டு. ஆகவே மாத்திரைகளை நாமாக நிறுத்தக் கூடாது. பர்ஸில் எப்போதும் ஓர் அட்டை வைத்திருக்கிறோம். "மயஸ்தீனியா உண்டு" என்று இந்தி, ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் எழுதி, அதன்கீழ் எச்சரிக்கையுள்ள மருந்துகள்: ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் வகை ஊசிகள், சிப்ரோஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின், அசித்ரோமைசின், இரத்த அழுத்தத்துக்கான பீட்டா பிளாக்கர்கள், மெக்னீசியம் ஊசி. பல் பிடுங்கப் போனாலும் அதைக் காட்டுவோம்.

வெளியூரில் இருக்கும் நமக்கு

இது அபூர்வ நோய். ஊரிலுள்ள நல்ல டாக்டர்கூட வாழ்நாளில் ஓரிரண்டைத்தான் பார்த்திருப்பார். பிரான்ஸில் 2012 முதல் ரித்மிக் என்ற ஏற்பாடு இருக்கிறது. எந்த ஊரில் தைமஸ் கட்டி கண்டாலும் அந்தக் கேஸ் நிபுணர் குழு முன் வைக்கப்படுகிறது. நம் நாட்டில் அப்படி இதற்கென்றே ஒன்றை எதிர்பார்க்காமல், பல துறையும் ஒரே கூரையின்கீழ் உள்ள இடத்தை நாமே தேடிப் போக வேண்டும். மும்பை பரேலில் டாட்டா மெமோரியல், டில்லி எய்ம்ஸ், வேலூர் சி.எம்.சி., அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் ஆகியவை எல்லோரும் அறிந்தவை. மயஸ்தீனியாவுக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையமும் பெயர் பெற்றவை. 2012-இல் ஏற்பட்ட தேசிய கேன்சர் கிரிட் நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளை இணைக்கிறது. கதிர்வீச்சையும் தொடர் மருந்தையும் வீட்டருகில் உள்ள உறுப்பு மருத்துவமனையில் பெற முடியுமா என்று கேளுங்கள்.

செலவைப் பற்றி. கேன்சர் நோயாளி வைத்தியத்துக்கோ மறுபரிசோதனைக்கோ போக ரயிலில் சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் ஏ.சி. மூன்றடுக்கிலும் நோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதம். மருத்துவமனை தரும் குறிப்பிட்ட படிவச் சான்றிதழோடு ரிசர்வேஷன் கவுண்ட்டரில் வாங்க வேண்டும். பலர் இது தெரியாமலே முழுப் பணம் கட்டுகிறார்கள். 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைத்தியச் செலவு 2024 முதல் உண்டு. மும்பையில் தங்க தாதரில் உள்ள காட்கே மகராஜ் தர்மசாலை பல கேன்சர் குடும்பங்களுக்கு நிழல்.

டாக்டரிடம் கேட்க இந்தக் கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள்:

1. மயஸ்தீனியா சோதனை ஆயிற்றா? நரம்பியல் டாக்டர் பார்த்தாரா?

2. ஊசிச் சோதனை எதற்காக? நேரே ஆபரேஷன் செய்ய முடியாதா?

3. நீங்கள் இதுபோல் எத்தனை செய்திருக்கிறீர்கள்? தைமஸ் முழுவதும் எடுப்பீர்களா?

4. துளை முறையில் தொடங்கி, கட்டி ஒட்டியிருந்தால் உடனே திறக்க ஏற்பாடு உண்டா?

5. ஓரங்கள் சுத்தமாக இருந்தனவா? வகை என்ன, நிலை என்ன?

6. அடுத்த ஸ்கேன் எப்போது?

ரிப்போர்ட்டுகளையும் ஸ்கேன் குறுந்தகட்டையும் தேதிவாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். நோயின் தன்மையைச் சொல்ல இந்தியோ மராத்தியோ போதாவிட்டால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். மாலையில் இமை சரிவதைச் செல்ஃபோனில் படம் பிடித்துக் காட்டினால் பாதி வேலை முடிந்தது; காலை ஓ.பி.யில் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

பத்தாண்டு ஸ்கேனும் முடிந்துவிட்டது. இன்றும் அவள் காலையும் மதியமும் மாத்திரை சாப்பிடுகிறாள். சப்பாத்தியைக் கொஞ்சம் ஊறவைத்தே தின்கிறாள். கொலுவில் இரண்டு பாட்டுப் பாடிவிட்டு மூன்றாவதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிடுகிறாள். யாருக்காவது இந்த நோய் என்று தெரியவந்தால் சங்கத்தில் சொல்லி அனுப்புங்கள். எங்கள் ஃபைலை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.